விரல் ஆறிருச்சாம்மா?

அந்தப் பைய இங்கிட்டுத் தள்ளி வையி தாயி, கால நீட்ட எடம் வேணும்ல. ஆங், போதும். சன்னல் ஓரம் எனக்கு வேணாம், நீயே இரு. காத்து மூஞ்சில அடிச்சா எனக்குத் தலவலி வந்துரும். இந்த வெரலப் பாத்து ஒதுங்காத, ஒண்ணுமில்ல, நகச்சுத்தி. அதுக்குத்தான் எலுமிச்சம்பழத்தக் குடைஞ்சு மாட்டியிருக்கேன். பாக்குறவுக பூராம் சிரிக்கிறாக. சிரிக்கட்டும். விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்போது எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் கேக்குது. வத்துற மாதிரி இருக்கும், திரும்ப வீங்கிரும். எனக்குச் சுகரு இருக்கு. அதனால எது வந்தாலும் வெரசா ஆறாதுன்னு சொல்லிட்டாக.

நீ எதுவரைக்கும் போற? தேனியா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். எறங்கும்போது ஒரு குரல் குடு, நான் அசந்து தூங்கிருவேன். இப்பல்லாம் உக்காந்த எடத்துல கண்ணு சொருகுது. ராத்திரி தூக்கமில்ல, பகல்ல முழிப்பில்ல.

மக வீட்டுக்குத்தான் போறேன். புள்ள பெத்துருக்கா. ஆம்பளப் புள்ள. வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாக. நான் இன்னும் பாக்கல. போன்ல போட்டோ வந்துச்சு. அதுல மூஞ்சி எங்க தெரியுது, துணி மூட்டைதான் தெரியுது. பேரன் பொறந்து வீட்டுக்கே வந்துட்டான், அம்மாச்சி நான் இன்னிக்குத்தான் பஸ் ஏறுறேன். நீயே என்னன்னு கேக்க மாட்டியா? தலப்பிரசவம் தாய் வீட்டுலதான? உங்க பக்கமும் அப்படித்தான? அப்ப எம்மக ஏன் மாமியா வீட்டுல கெடக்கா? கேளு. கேட்டாத்தான சொல்லுவேன்.

எல்லாம் ஒரு பாசுந்தியால வந்துச்சு தாயி.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். திருமங்கலத்துல எங்க தெருவுல போய் ராஜாமணி வச்ச பாசுந்தின்னு கேட்டுப் பாரு. கல்யாணமோ காதுகுத்தோ எங்க நடந்தாலும், சமையலுக்கு மாஸ்டர் வருவாரு, பாசுந்திக்கு மட்டும் நான் போவேன். கூலிக்கு இல்ல. ஆசைக்கு. இலையில அது விழுந்ததும் பந்தியில ஒரு அமைதி வரும் பாரு, அதக் கேக்குறதுக்குன்னே போவேன். எம்மக வளைகாப்புக்கு நான் வைக்காம வேற யாரு வைப்பா?

வளைகாப்ப எங்க ஊர்லயே வச்சுக்கிருவோம்னு சம்பந்தி வீட்டுலயே சொல்லிட்டாக. வளையலப் போட்டு, சோத்தத் தின்னு, பொண்ண எங்க வீட்டுல விட்டுட்டுப் போறதாப் பேச்சு. எம்மக ஜீவிதாவும் மொத நாளே வந்துட்டா. நிறைமாசத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வந்ததும் வராததுமா அவ என் கையத்தான் பாத்தா. அப்பவும் இந்தப் பாழாப்போன நகச்சுத்தி இருந்துச்சு. இதே வெரலு. "என்னம்மா இது, சீழு வச்சிருக்கு"ன்னு வெந்நியில உப்பப் போட்டு, என் வெரல அதுல முக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வயித்தத் தூக்கிக்கிட்டு கீழ உக்கார முடியாம உக்காந்தா. அந்த மாதிரி புள்ள தாயி அது. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேச மாட்டா. ஆனா பாசம் பூராம் கையில இருக்கும்.

அவ பேசாம இருக்குறதுக்குக் காரணம் இருக்கு. அவ பொறந்தப்ப சேனை தொட்டு வச்சது எங்க சின்ன மாமனாரு. அவரு அடிச்சாலும் பேச மாட்டாரு, அணைச்சாலும் பேச மாட்டாரு. சேனை யாரு வைக்கிறாகளோ அவுக கொணம்தான புள்ளைக்கு வரும்? பொறந்த புள்ள நாக்குல மொதமொத சீனித்தண்ணியத் தொட்டு வைக்கிற வெரலு லேசுப்பட்டதா? அவரு வேணாம், வேற ஆளு வைக்கட்டும்னு நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா? இன்னைக்குப் பாரு, மனசுல ஒண்ணு இருந்தா இவ அத அப்படியே முழுங்கிருவா.

எங்க விட்டேன்? ஆங், பாசுந்தி.

பாசுந்திங்கிறது பாலக் காச்சிச் சீனி போடுறதில்ல தாயி. அகலமான உருளியில பாலு ஊத்தி, சின்னத் தீயில வச்சு, விசிறியால விசிறிக்கிட்டே இருக்கணும். மேல ஏடு படியும். படியப் படிய அத ஓரத்துக்கு ஒதுக்கி எடுத்து, தனிச் சட்டியில சேக்கணும். கடைசியில பாலு சுண்டுனதும் அந்த ஏட்டப் பூராம் திரும்ப உள்ள விடணும். மென்னா வாயில துணி மாதிரி நெளியணும், அதான் பக்குவம். இந்தக் காலத்து ஆளுக கரண்டியப் போட்டு ஏட்ட எடுக்குறாக. கிழிஞ்சு நாறா வந்துரும். நான் கையாலதான் எடுப்பேன். ரெண்டு வெரலுபட்டா போதும், முழுசா வரும். சூடு பொறுக்கணும், அதுக்கு கை பழகியிருக்கணும்.

சுத்தத்துல என்னைய யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. பாத்திரத்த வெந்நி ஊத்தித்தான் கழுவுவேன். அடுப்படிக்குள்ள ஒருத்தரையும் விட மாட்டேன். எங்க கொழுந்தன் சம்சாரம் லோகு வந்து, "அக்கா, நான் கொஞ்ச நேரம் ஏடு எடுக்குறேன், உங்களுக்குக் கை வலிக்கும்ல"ன்னா. போடின்னுட்டேன். அவ மூக்கச் சிந்திக்கிட்டு வருவா, அவளப் போயி ஏடு எடுக்க விடுறதா? அன்னைக்கு அந்தப் பால்ல வேற ஒரு கை படல தாயி. சத்தியமாச் சொல்றேன். என் கை மட்டும்தான். வெரல்ல சுத்தியிருந்த துணியக்கூட அவுத்து வச்சுட்டேன், நூலு கீலு விழுந்துரும்னு. அம்புட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சேன்.

சாயங்காலம் ஆரம்பிச்சது, ஏடு பூராம் எடுத்து முடிக்க இருட்டிருச்சு. பிரிஜ்ஜுல வைக்கலாம்னா அதுல பூவு, மாலை, லோகு வாங்கியாந்த ஐஸ்கிரீம்னு அடச்சுக் கெடக்கு. சரின்னு ஏட்டுச் சட்டிய அடுப்படி மேடையிலயே ஈரத்துணி போட்டு மூடி வச்சுட்டேன். கத்திரி வெயில் காலம். காலையில எந்திரிச்சதும் மொத வேலையா எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி, தளதளன்னு கொதிக்க விட்டேன். லேசாச் சூடு காட்டல. நல்லாக் கொதி கொதிச்சுப் பொங்கி அமுங்குச்சு. வாசனை வளைகாப்பு மண்டபம் வரைக்கும் போச்சுன்னாக. எனக்குச் சுகருங்கிறதால நான் ருசிகூடப் பாக்கல. லோகுவைத்தான் சொட்டு வாயில போட்டுப் பாக்கச் சொன்னேன். "அமிர்தமா இருக்குக்கா"ன்னா. அவ வாயால ஒண்ண நல்லாருக்குன்னு சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான். அப்பவே எனக்குப் பக்குனுச்சு.

பந்தி முடிஞ்சு வெத்தல பாக்கு குடுத்துக்கிட்டு இருக்கோம். மருமகனோட பெரியப்பா, பட்டு வேட்டி கட்டி, மீசைய முறுக்கிவிட்டு வந்தவரு, திடீர்னு எந்திரிச்சு ஓடுறாரு. போயி சாக்கடை ஓரமா உக்காந்தாரு பாரு, எந்திரிக்கவே இல்ல. சரி, வயசானவரு, வெயிலுன்னு நெனச்சா, பின்னாடியே சம்பந்தியம்மா. அதுக்குப் பின்னாடி வளையல் போட வந்த பொம்பளைக. கையில போட்ட கண்ணாடி வளையல் கலகலன்னு சத்தம் கேக்க வாந்தி எடுக்குறாக. மண்டபத்து வாசல்ல ஆளாளுக்கு ஒரு செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. இப்பச் சொன்னா எனக்கே சிரிப்பு வருது. அன்னைக்குச் சிரிக்க முடியல.

ஏன்னா எம்மகளும் குனிஞ்சுட்டா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. பச்சை வளையலும், சந்தனமும், நெத்தியில அம்புட்டுக் குங்குமமுமா, என் தங்கம். வாந்தின்னா வாந்தி, கொடல் வெளிய வந்துருமோன்னு பயந்துட்டேன். உள்ள இருக்குற புள்ள என்னாகும்? என் கொலசாமிய அன்னைக்குத் திட்டுன மாதிரி நான் என்னைக்கும் திட்டுனதில்ல.

பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டோம். வரிசையாக் கட்டிலு, வரிசையா குளுக்கோஸ் பாட்டிலு. ஜீவிதா வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, துடிப்பு நல்லாருக்குன்னு சொன்ன பெறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அங்க ஒரு டாக்டரு. டாக்டருன்னா உன் வயசு இருக்கும். ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து, காச்சல் இருக்கா, சாப்பிட்டு எம்புட்டு நேரத்துல வாந்தி வந்துச்சு, பாசுந்தி சாப்பிட்டீங்களான்னு கேட்டா. கேட்டுட்டு என்கிட்ட வந்து நிக்கிறா.

"காச்சல் இல்ல, சாப்பிட்ட கை காயுறதுக்குள்ள வாந்தி. இது பாசுந்தியிலதான் வந்திருக்கும்மா. அதுல கிருமி விஷம் கக்கி வச்சிருந்திருக்கு"ன்னா.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "ஏம்மா, நான் காலையில தளதளன்னு கொதிக்க வச்சேன். எந்தக் கிருமி அதுல உசுரோட நீந்திக்கிட்டு இருக்கும்?"னு கேட்டேன்.

"கிருமி செத்துரும்மா. ஆனா அது ராத்திரி பூராம் உக்காந்து கக்கி வச்ச விஷம் இருக்கு பாருங்க, அது கொதிச்சாலும் போகாது. மணம் மாறாது, ருசி மாறாது, யாருக்கும் தெரியாது"ங்குறா.

கேட்டியா கதைய? கக்குனவன் செத்துட்டானாம், கக்குனது சாகலையாம். தீயில போகாத விஷம்னு ஒண்ணு உண்டா தாயி? தீயப் பாத்தா சாமியே பயப்படும். நான் பொறந்ததுல இருந்து பாலக் காச்சிக்கிட்டு இருக்கேன். கொதிச்சா சுத்தம், இதான நமக்குத் தெரிஞ்சது. படிச்ச புள்ளைன்னு விட்டுட்டேன். அப்புறம் அந்த டாக்டரு கேட்டா, "பாசுந்தி செஞ்சவங்க யாருக்காச்சும் கையில புண்ணு, கொப்புளம், வெட்டுக்காயம் இருக்கா? அந்தக் கிருமி அதுலதான் குடியிருக்கும்".

எங்க கையில ஏது புண்ணு? மாஸ்டர் கையில பழைய தீக்காயத் தழும்பு. அது காஞ்சு எம்புட்டோ காலமாச்சு, அவரு பாசுந்திப் பக்கமே வரல. லோகு கையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு கீறல் இல்ல, வெண்டைக்காய் கணக்கா வச்சிருக்கா. "யாருக்கும் புண்ணு இல்ல டாக்டர்"னுட்டேன். நகச்சுத்தியா? அதென்ன புண்ணா? அது சூட்டுல வர்றது. ஒடம்புக்குள்ள இருக்குற சூடு வெரல் நுனி வழியா வெளிய வருது. புண்ணுன்னா வெட்டணும், ரத்தம் வரணும். நீ என்ன, அந்த டாக்டர் மாதிரியே பாக்குற?

அந்த நேரம் பாத்து எம்மக கட்டில்ல படுத்துக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. கையில ஊசி, ஒதடு வெடிச்சுக் கெடக்கு. என் மூஞ்சியப் பாக்குறா, என் கையப் பாக்குறா. பாவம், எந்தாயி, அம்மாவ ஏதும் சொல்லிருவாகளோன்னு பயந்துருச்சு. பேசாத புள்ள அன்னைக்குப் பேசுச்சு. "எங்கம்மா ரொம்பச் சுத்தம் டாக்டர். பாலுதான் கெட்டுருக்கும்"னுச்சு. சொல்லிட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. அழுதுச்சு போல, தோளு குலுங்குச்சு.

சம்பந்தியம்மா பக்கத்துக் கட்டில்ல இருந்து, "பாலா? பாலுன்னா பாலுக்காரன உண்டு இல்லைன்னு ஆக்கிருவோம்"னுச்சு. அந்தம்மா பேரு ரத்தினாவதி. பேருதான் ரத்தினம். வாயில வர்றது ஒவ்வொண்ணும் கல்லு. எறிஞ்சா எறிஞ்ச எடத்துல விழும்.

எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. ஊருக்கு வந்ததும் மொத சோலியா பால்காரர் ஒச்சப்பன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். "எம்மக உசுரோட வெளையாடிட்டியே, நீ நல்லாருப்பியா?"ன்னு மண்ண வாரித் தூத்தினேன். அந்த மனுசன் மாட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "ராஜாமணி, உனக்கு ஊத்துன அதே பாலத்தான் அன்னைக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கும் ஊத்துனேன், எம்பேரப்புள்ளைகளும் குடிச்சுச்சு"ன்னாரு. எல்லாத் திருடனும் அப்படித்தான சொல்லுவான். தெருவே கூடிருச்சு. அன்னையில இருந்து எங்க தெருவுல அவருகிட்ட யாரும் பாலு வாங்குறதில்ல. பாக்கெட்டுப் பாலுதான். இப்ப அந்தப் பக்கம் சைக்கிள்ல போனா என்னையப் பாத்து மணி அடிக்கக்கூட மாட்டாரு.

இதுல ஒரு கூத்து என்னன்னா, எம்மக போன்ல அடிக்கடி சொல்றா, "ஒச்சப்பன் மாமாகிட்டயே பால் வாங்கும்மா. பாவம்மா அவரு." நான் என்ன சொல்ல? உன்னையக் கொல்லப் பாத்தவனுக்கு நீயே பாவம் பாக்குறியான்னு கேட்டா, பேச்ச மாத்திருவா. அப்புறம் "சரிம்மா, வச்சுர்றேன்"னு வச்சுருவா. அம்புட்டு எளகுன மனசு.

சரி, பாலு கெட்டுச்சு, வாந்தி எடுத்தாக, மறுநாளே எல்லாரும் எந்திரிச்சு நடந்துட்டாக. அதோட விட வேண்டியதுதான? ஆஸ்பத்திரியில இருந்து ஜீவிதா எங்க வீட்டுக்கு வருவான்னு நான் பாயெல்லாம் தட்டிப் போட்டு வச்சிருக்கேன். கருவாடு தேடி வாங்கி வச்சிருக்கேன். நேராக் கார்ல ஏறித் தேனிக்குப் போயிட்டா. கார் கண்ணாடிய எறக்கி, "அம்மா, பிரசவத்த அங்கயே பாத்துக்கிறேன்மா"ன்னா. அம்புட்டுத்தான். கார் போயிருச்சு. நான் ரோட்டுல நிக்கிறேன்.

யாரு வேலை? அந்த ரத்தினாவதி வேலை. வேற யாரு? பொண்டாட்டி சொன்னா மருமகன் மணிமாறன் தலையாட்டுவான், அவுக அம்மா சொன்னா ரெண்டு தடவை ஆட்டுவான். நான் சும்மா விடுவேனா? போனப் போட்டு நாக்கப் பிடுங்குற மாதிரி கேட்டேன். அதுக்கு அந்தம்மா சொல்லுது, "சம்பந்தி, நாங்க அனுப்பத்தான் செஞ்சோம். உங்க மகதான் வரலன்னா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. நீங்களே கேட்டுக்கங்க"ன்னு. இந்தப் பொய்ய எந்தக் காதுல வாங்குறது? எம்மக என்னைய வேணாம்னு சொல்லுவாளா? இத்தனைக்கும் அந்தம்மாவுக்குப் பொய் பேச வராது, அதையும் சொல்லணும்ல. பந்தியிலயே, "சாம்பாருல உப்பு சாஸ்தி"ன்னு சத்தமாச் சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரரு செத்தன்னைக்கு வந்து, "அவரு ஒங்களுக்கு ஒண்ணும் பெருசாச் செய்யல, அழுதது போதும்"னுச்சு. மூஞ்சிக்கு நேரா அடிக்கும். அந்த ஒரு பொய்யத் தவிர வேற பொய்யி அந்த வாயில நான் கேட்டதில்ல.

தண்ணி வச்சிருக்கியா தாயி? ஒரு வாய் குடு. பேசிப் பேசி தொண்ட காஞ்சுபோச்சு. இதச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. தெருவுல என்னையக் கண்டா ஆளுக அந்தப் பக்கம் போறாக, திரும்ப ஆரம்பிச்சிருவான்னு. பாசுந்திக்கும் யாரும் கூப்பிடுறதில்ல. உருளியக் கவுத்துப் போட்டுட்டேன். ராத்திரி படுத்தா, நான் என்ன பாவம் செஞ்சேன்னு யோசிக்கிறேன். ஒண்ணும் தெரியல. அலுப்பா இருக்கு தாயி. ஒடம்பு அலுப்பு இல்ல, உள்ள.

இதுல ஒரே ஒரு ஆறுதல் என்னன்னு கேளு. எம்மக. தெனம் போன் போடுவா. போட்டதும் மொத வார்த்தை என்ன தெரியுமா? "வெரல் ஆறிருச்சாம்மா?" சாப்பிட்டியான்னு கேக்க மாட்டா, மாத்திரை போட்டியான்னு கேக்க மாட்டா. என் வெரலத்தான் கேப்பா. டாக்டர்கிட்டக் காட்டும்மா, மருந்து போடும்மான்னு கெஞ்சுவா. ஒரு நாளு விட்டதில்ல. ஊரு ஒலகத்துல எந்த மகளாச்சும் அம்மாவோட நகச்சுத்திய இப்படி நெனப்பு வச்சுக் கேப்பாளா? அவ நெனப்பு பூராம் எம்மேலதான். அந்தம்மா மட்டும் நடுவுல இல்லைன்னா அவ இந்நேரம் என் வீட்டுலதான் கெடப்பா.

பிரசவத்துக்கு நான் கெளம்புறேன்னு சொன்னப்பவும் அப்படித்தான். "வெரல் ஆறிருச்சாம்மா?"ன்னா. ஆறலடி, சீழு வருதுன்னேன். "அப்ப ஆறுனதும் வாம்மா. உனக்கு வலிக்கும்ல"ன்னுட்டா. எனக்கு வலிக்குமாம்! வயித்தக் கிழிக்கப் போறது அவளுக்கு. புள்ள பொறந்த பெறகும் அதேதான். "ஆறுனதும் வாம்மா. ஒண்ணும் செஞ்சு கொண்டாராத, உனக்கு வெரல் வலிக்கும்." இது எப்ப ஆறி நான் எப்பப் போறது? எனக்குப் பொறுக்கல. நேத்து போன் வந்தப்ப சொல்லிட்டேன். "ஆறிருச்சுடி. சுத்தமா ஆறிருச்சு. தழும்புகூட இல்ல."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்டா பாரு. இங்க வரைக்கும் கேட்டுச்சு. "நெசமாவா? நெசமாவாம்மா?"ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டா. அப்புறம் சொன்னா, "அப்ப நாளைக்கே வாம்மா. ஆஸ்பத்திரியில சேனை வைக்க விடல. இன்னும் யாரும் வைக்கல. நீ வந்து வையி. உனக்காகத்தான் வச்சிருக்கேன்."

உனக்காகத்தான் வச்சிருக்கேன். கேட்டியா? அத்தனை நாளு அந்த ரத்தினாவதியத் தொட விடாம எனக்காகத் தள்ளி வச்சிருக்கா. போன வச்சுட்டு நான் ஓன்னு அழுதேன். இந்தா, இந்தப் பைக்குள்ள இருக்கு, வெள்ளிக் கிண்ணம். புளி போட்டு வெளக்கி வச்சிருக்கேன். சீனி கொஞ்சம் பொட்டணமா. வேற ஒண்ணும் கொண்டாரல. எறங்குறதுக்கு முன்னாடி இந்த எலுமிச்சம்பழத்தக் கழட்டி எறிஞ்சுட்டு, முந்தானையில கையத் துடைச்சிக்கிட்டுப் போயிரணும். சீழக்கூட காலையில அமுக்கி விட்டுட்டேன், பாத்தா தெரியாது. கிட்டப் போயி இந்த வெரல முக்கி அவன் நாக்குல...

என்னது? சொல்லு தாயி, கேக்கல, ஹாரன் அடிக்கிறான்.

ஆமா, பொய்தான். ஆறிருச்சுன்னு சொன்னது பொய்தான். அதுக்கென்ன இப்ப? மகளப் பாக்கணும்னு ஒரு தாயி சொன்ன பொய்யி. ஆரையும் கெடுக்கச் சொல்லல.

இரு.

கணவாய் வந்துருச்சு. இந்த வளைவுல கம்பியப் பிடிச்சுக்க. போனும் எடுக்காது இங்க.

நீ எதுக்குக் கேட்டியோ தெரியல தாயி, ஆனா கேட்டுட்ட. எனக்கு இது தோணவே இல்ல பாரேன். சேனை வைக்கப் போறவ பொய் சொல்லிட்டுப் போறேன். அதுவும் எந்த வெரல வச்சுப் பொய் சொன்னேனோ அதே வெரல அவன் நாக்குல வைக்கப் போறேன். வைக்கிறவுக கொணம்தான வரும்? நாளைக்கு அவன் பெத்தவகிட்டயே பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா? "இது யாரு வச்ச சேனை?"ன்னு ஊரு கேக்கும்ல? ரத்தினாவதி கேக்காம விடுமா?

எம்புட்டு ஆசையா இருந்தேன் தெரியுமா? ராத்திரி பூராம் கிண்ணத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் அந்தச் சின்ன வாயத் தொறந்து சப்புக்கொட்டுறத நெனச்சு நெனச்சுப் பாத்தேன்.

முடியாது தாயி. வைக்க மாட்டேன். ஒரு தலைமுறை முழுங்கி முழுங்கியே போச்சு, அடுத்ததாச்சும் வாயத் தொறந்து உள்ளத உள்ளபடி பேசட்டும். அந்தம்மாவே வைக்கட்டும். ஆமா, ரத்தினாவதிதான். எனக்கு ஆகாதுதான், அதுக்காக? பொய் சொல்லாத வாயி அந்த வீட்டுல அது ஒண்ணுதான். கிண்ணம் என்னோடது. அதுல சீனித்தண்ணி கலக்குறதுகூட அந்தம்மா கலக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிறேன்.

இந்தா, அடிக்குது பாரு. சிக்னலு வந்ததும் கூப்பிட்டுட்டா. அவதான். ஆங், சொல்லு ஜீவி. கணவாயத் தாண்டிட்டேன். ஆண்டிபட்டி வரப்போகுது. புள்ள முழிச்சிருக்கானா?

வெரலா?

ஜீவி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. ஆறலடி. நேத்து நான் சொன்னது பொய்யி. உன்னையப் பாக்கணும்னுதான் சொன்னேன். சீழு அப்படியேதான் இருக்கு. அதனால சேனைய நான் வைக்கல. உங்க அத்தைய வைக்கச் சொல்லு. அவுக கையால கலக்கி, அவுகளே வைக்கட்டும். நான் தொடல. ஜீவி? கேக்குதா? ஏய், என்னடி? ஏண்டி அழுகுற? அழுகாத, பச்ச ஒடம்பு, தையல் வலிக்கும். ம். ம். சரி. துணி சுத்திக்கிறேன். சரிடி. வந்துர்றேன்.

வச்சுட்டா.

என்ன அழுகை தாயி, கேட்டியா, ஒனக்கே கேட்டுருக்கும். பேசாத புள்ள, இன்னைக்கு மூச்சு விடாமப் பேசுறா. "வந்துரும்மா, எத்தன நாளானாலும் இங்கயே இரும்மா, உன் வெரலுக்கு நானே வெந்நி வச்சு, நானே மருந்து போட்டு ஆத்துறேன், ஆறுனதும் புள்ளையத் தூக்கிக்க, அதுவரைக்கும் என் பக்கத்துல உக்காந்துக்க"ங்குறா. நெசத்தச் சொன்னியேம்மா, நெசத்தச் சொன்னியேம்மான்னு அதையே சொல்லிச் சொல்லி அழுகுறா.

அந்தத் துண்டுத் துணிய எடு தாயி, பைக்குள்ள மேலாகவே இருக்கும். நல்லா இறுக்கிச் சுத்தி விடு. இன்னும் கொஞ்சம் இறுக்கி. நீயே சொல்லு, பெத்தவளுக்கு ஒரு நகச்சுத்தி வலிக்குதேன்னு இந்த அழுகை அழுகுறவ, தானா என் வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லியிருப்பாளா?